ஏழாம் அறையின் பச்சை எண்

உங்கள் எழுத்தர் அந்த அச்சு இயந்திரத்தை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் அது அச்சடிக்கப் போவதில்லை. இயந்திரத்தில் குறையில்லை. கணினியில் அதற்குரிய டிரைவர் சரியாக ஏறவில்லை. வெளியிலிருந்து மாட்டும் சாதனம் பேசுவதைக் கணினிக்குப் புரியவைக்கும் சிறு மென்பொருள்தான் டிரைவர், வேறொன்றுமில்லை. நான் சரிசெய்து தருகிறேன் என்று எழுந்தேன். "நீ சும்மா உக்காரு" என்றார். சரி, உட்கார்ந்திருக்கிறேன்.

நானாக இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்ததற்குக் காரணம் நீங்கள் அனுப்பிய நிபுணர். பழக் கிடங்கில் என் தங்கையின் கணவர் செத்துப்போனது விபத்து என்று சொல்லிவிட்டார். கணினியில் மாட்டியிருந்த அடாப்டரின் டிரைவர் தானாகப் போய், பிறகு தானாகவே வந்திருக்கிறதாம். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பளபளக்கும் மடிக்கணினி, வாயில் இந்தப் பேச்சு. தானாகப் போய்த் தானாக வருவதற்கு டிரைவர் என்ன, கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போன மருமகளா? அதை நிறுவியவன் நான். என் வேலையைக் கோளாறு என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எங்கள் கிடங்கில் ஆப்பிளை மாதக்கணக்கில் கெடாமல் வைத்திருப்போம். அறை நிறையப் பழத்தை அடுக்கி, கதவை இறுக்கி மூடி, நைட்ரஜனைச் செலுத்தி ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடுவோம். பழம் தூங்கிவிடும். மனிதன் உள்ளே போனால் அவனும் தூங்கிவிடுவான், ஆனால் எழுந்திருக்க மாட்டான். வாசனை கிடையாது, கண் எரியாது, எச்சரிக்கையாக ஓர் இருமல்கூட வராது. அதனால் ஒவ்வோர் அறையிலும் ஆக்சிஜனை அளக்கும் கருவி உண்டு. அலுவலகத் திரையில் அறைக்கு நேரே அந்த அளவு தெரியும். பச்சை என்றால் போகலாம், சிவப்பு என்றால் கூடாது. பச்சை சிவப்பாக மாறினால் அந்த அறை வாசலில் அலாரமும் அடிக்கும். திரையைப் பார்க்காமல் யாரும் கதவில் கை வைப்பதில்லை.

இனி இறந்தவரைப் பற்றி. முறைக்கு நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். கல்யாணமான புதிதில் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவரை முதலாளியிடம் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தியதே நான்தான். வாய்ப்பந்தல் போடுவதில் கெட்டிக்காரர். வந்த வேகத்தில் மேலாளர் ஆகிவிட்டார். நான் பழுது பார்ப்பவனாகவே இருந்தேன். பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். எனக்கு அந்த நாற்காலியின் மேல் ஒரு நாளும் ஆசை இருந்ததில்லை. அது ஆடுகிற நாற்காலி. அதற்குத் திருகு முடுக்கிக் கொடுத்தவனும் நான்தான்.

பழைய கணினி மண்டையைப் போட்டதும் அவர் புதிதாக ஒன்று வாங்கி வந்தார். அளக்கும் கருவிகளோ பழையவை. அவற்றின் கம்பி சீரியல் போர்ட்டில்தான் மாட்டும், ஊசி ஊசியாக இருக்குமே, அதில். புதிய கணினியில் அது கிடையாது. வாங்கும்போது பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். மறுநாள், பழைய கம்பியை யு.எஸ்.பி.யில் செருக உதவும் அடாப்டர் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். "பாதி விலைக்கு அடிச்சேன் மச்சான்" என்றார். பாதி விலைக்குக் கிடைத்ததன் காரணம், உள்ளே இருந்த சிப் போலி.

போலி சிப்பைப் புதிய டிரைவர் கண்டுகொள்ளும். கண்டுகொண்டால் பேசாது. மாட்டிய சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் அதன் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் மட்டும் நிற்கும். நான் புதிய டிரைவரை அடியோடு நீக்கினேன். பழைய பதிப்பு ஒன்றைத் தேடிப் பிடித்து ஏற்றினேன். கருவிகள் பேசுகிற வேகத்தையும் போர்ட் எண்ணையும் பொருத்தினேன். கணினி மறுபடியும் புதியதை இறக்கிக்கொள்ளாமல் இருக்கத் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவைத்தேன். ஒவ்வோர் அறையின் எண்ணும் திரையில் வந்து நின்றபோது எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

முதலாளி பார்க்க வந்தார். நான் வாய் திறப்பதற்குள் மாப்பிள்ளை முந்திக்கொண்டார். "சின்ன ஒயரு சார், நான் வாங்கிட்டு வந்து கொடுத்தேன், முடிஞ்சுது. மச்சான்தான் அத வச்சுக்கிட்டு தடவிக்கிட்டே இருந்தாரு." முதலாளி சிரித்தார். நானும் சிரித்தேன்.

அன்றே கதவுகளில் தொங்கவிடும் 'உள்ளே நுழையாதே' பலகைகளைக் கழற்றி அலமாரியில் பூட்டச் சொன்னார் மாப்பிள்ளை. கையில் கொண்டுபோகும் ஆக்சிஜன் மானிக்குப் பேட்டரி வாங்குவதையும் நிறுத்தினார். "கம்ப்யூட்டர்லயே தெரியுது, இந்த பொம்மை எல்லாம் எதுக்கு?" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. பெரிய இடத்தில் உட்கார்ந்திருப்பவர், யோசித்துத்தானே சொல்வார்.

ஆனாலும் கடமைக்கு ஒரு வார்த்தை சொன்னேன். தங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "மாப்பிள்ளை, அந்த அப்டேட்ட மட்டும் யாரும் ஆன் பண்ணிடாம பாத்துக்குங்க" என்றேன்.

"உலகமே அப்டேட் ஆகுது மச்சான், நீங்க ஒருத்தர்தான் ஆகாம நிக்கிறீங்க."

தங்கை கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தாள். நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவள். எனக்குக் கோபம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆசைப்படுகிறவருக்கு அப்டேட்டைக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. ஏழாம் அறையில் பழம் ஏற்றிக்கொண்டிருந்த நாள் அது. அறை திறந்திருந்ததால் எண் பச்சையில் இருந்தது. நான் அலுவலகத்துக்குப் போய் அப்டேட்டைத் திறந்துவிட்டேன். புதிய டிரைவர் வந்து உட்கார்ந்தது, மஞ்சள் முக்கோணம் வந்தது, அடாப்டர் ஊமையானது. திரையில் ஒரு மாற்றமும் இல்லை. அந்த எண்களைக் காட்டும் மென்பொருளை எழுதிய மேதாவி, இணைப்பு அறுந்தால் அறுந்துவிட்டது என்று சொல்லும்படி எழுதவில்லை. கடைசியாக வந்த எண்ணை அது அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கும். இது எனக்கு அடாப்டரை மாட்டிய அன்றைக்கே தெரியும். கம்பியைப் பிடுங்கிச் சோதித்தபோது பார்த்திருந்தேன். அன்றே மாப்பிள்ளையிடம் சொல்ல அவர் அறைக்குப் போனேன். அவர் போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டே, அப்புறம் வா என்று கையை ஆட்டினார்.

மறுநாள் விடுமுறை. ஏழாம் அறைக்கு நைட்ரஜனை விடுமுறைக்குப் பிறகு செலுத்துவதாகத்தான் பேச்சு. வேலையை முன்கூட்டியே முடித்து வைப்பது என் பழக்கம். தனியாகப் போனேன், கதவின் ரப்பரைத் துடைத்து மூடினேன், நைட்ரஜனைத் திறந்துவிட்டேன். கதவில் பலகை தொங்கவிடவில்லை. பலகைதான் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறதே. சாவி என்னிடமும் ஒன்று இருந்தது, அது வேறு விஷயம்.

அடுத்த நாள் காலையில் முதலாளி வருவதாக இருந்தது. அவருக்கு மாதிரி காட்ட ஏழாம் அறையிலிருந்து நாலு பழம் எடுக்க வேண்டும் என்று மாப்பிள்ளை வந்தார்.

"ஏழு என்ன மச்சான்?"

"பச்சை காட்டுது. நீங்களே பாருங்க மாப்பிள்ளை."

குனிந்து பார்த்தார். தலையாட்டிவிட்டுப் போனார். நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குளிர் போகாமல் இருக்க அறைக் கதவு எப்போதும் மூடியே இருக்கும், அதனால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. வாயில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். நான் பின்னாலேயே நடந்தேன். ஒரு பழத்தை எடுத்துச் சட்டைக் கையில் துடைத்தார், அதோடு முழங்கால் மடிந்துவிட்டது. விழுந்த பிறகு கதவுப் பக்கம் கையை நீட்டினார். கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. நான் அதைச் சாத்தினேன். திறந்து கிடந்தால் யாராவது காப்பாற்றுகிறேன் என்று ஓடி, அவர்களும் விழுந்திருப்பார்கள். அப்படி ஓடி விழக்கூடாது என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். கதவில் சிறு கண்ணாடி உண்டு. அந்த விரல்கள் அசைவது நிற்கும்வரை அங்கேயே இருந்தேன். அரைகுறையாக விட்டுவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காது.

வீட்டில் தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நீ அங்கதானே இருந்த அண்ணா, எப்படி ஆச்சு?" என்று கேட்டாள். "மெஷின் கோளாறும்மா" என்றேன். இதில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். இன்றுவரை அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. அவரைக் கொன்றது நான். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், அடாப்டரின் மேல் போட வேண்டாம்.

தானாகத் திரும்பி வந்தது என்றாரே உங்கள் நிபுணர், அதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடியை விட்டு நான் நேரே கணினிக்குத்தான் போனேன். புதிய டிரைவரை நீக்கி, பழையதை ஏற்றி, அப்டேட்டை மறுபடி நிறுத்தினேன். ஏழாம் அறையின் எண் சரசரவென்று இறங்கிச் சிவந்தது. அலாரம் கிடங்கே அதிரும்படி அடித்தது. எல்லோரும் அலறிக்கொண்டு ஏழாம் அறைப் பக்கம் ஓடினார்கள், ஒருவர்கூடத் திரையைப் பார்க்கவில்லை. எவ்வளவு சுத்தமான வேலை. "எப்படி மச்சான் சரி பண்ணீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்க மாப்பிள்ளை என் பக்கத்தில் நின்றிருக்கக் கூடாதா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.