பேன்டேஜ் மாமாவுக்குத் துணி சுற்றியவள்

கஞ்சியில் நனைத்த துணி காய்ந்தால் இறுகும். வீட்டில் துணி துவைக்கிற எவருக்கும் தெரிந்த விஷயம்தான். என் பிழைப்பே அதில்தான் ஓடியது, ஐயா.

நீங்கள் அந்தத் தொடரைப் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். 'பூதக் காவல் நிலையம்.' ரத்தக்காட்டேரிதான் இன்ஸ்பெக்டர். கோரைப்பல் இடிப்பதால் அவருக்கு விசில் ஊத வராது, எச்சில்தான் தெறிக்கும். ஓநாய் மனிதர் மோப்பம் பிடிக்கப் போய்த் தும்முவார். மூன்றாவது ஆள், பழைய கல்லறையிலிருந்து எழுந்து வந்த, உடம்பெல்லாம் துணி சுற்றிய பிணம். பிள்ளைகள் அவரை பேன்டேஜ் மாமா என்றார்கள். திருடர்கள் அவரைப் பொம்மை என்று நினைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்து திட்டம் போடுவார்கள். அவர் மெல்ல ஒரு கையைத் தூக்குவார். திருடர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஓடுவார்கள். வாராவாரம் இதே கூத்து. பிள்ளைகளுக்கு அலுக்கவேயில்லை.

பேன்டேஜ் மாமா என் கணவர். அவருக்குத் துணி சுற்றுவது என் வேலை.

அதற்கு ஒரு முறை உண்டு. மார்பைச் சுற்றும்போது அவர் மூச்சை முழுக்க இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான், விளக்குச் சூட்டில் துணி இறுகினாலும் உள்ளே மூச்சுவிட இடமிருக்கும். "இழுங்க" என்பேன். தவளை மாதிரி கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்பார். வாயையும் துணி மூடிவிடுவதால், ஏதாவது ஆனால் விரல்களை மூடி மூடித் திறப்பார். மற்றவர்களுக்கு அது நடிப்பாகத்தான் தெரியும். கேமராவுக்குப் பின்னால் நின்று அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பது என் பொறுப்பு.

எங்களுக்கு ஒரே பெண். பாப்பா. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது அவளுக்கு அப்பா வேண்டாம், பேன்டேஜ் மாமாதான் வேண்டும். இருவரும் ஒரே ஆள் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு நாள் அவர் வேஷத்தோடேயே வார்டுக்கு வந்தார். பேசுவதற்காக வாய்ப்பக்கம் மட்டும் துணியைத் தளர்த்திவிட்டேன். நர்ஸ்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பாப்பா சிரிக்கவில்லை. அவர் கையில் தொங்கிய துணி நுனியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"மாமா, நீங்க செத்துட்டீங்கல்ல? அப்புறம் எப்படி எந்திரிச்சீங்க?"

அவர் அந்தக் கரகரப்புக் குரலில் சொன்னார், "கொஞ்ச நேரம் படுத்திருந்தாப் போதும் கண்ணு. தானா எந்திரிச்சிடலாம்."

"அப்ப எனக்குப் பயமில்ல."

அந்த வாரமே போய்விட்டாள். முகத்தில் பயம் இல்லை. நான் நன்றாகப் பார்த்தேன்.

அதற்குப் பிறகும் நாங்கள் வேலைக்குப் போனோம். ஒவ்வொரு வாரமும் அவர் படுத்தார், எழுந்தார். எனக்கு அது போதுமாக இருந்தது. அவருக்குத்தான் போதவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார்: "அடுத்த பகுதியோட நான் விலகிக்கிறேன். கடைசிக் காட்சியில முகத்துணியை அவுத்துக் காட்டச் சம்மதிச்சிட்டாங்க. பிள்ளைங்க தெரிஞ்சிக்கட்டுமே, உள்ள இருக்கறது சாதாரண மனுஷன்தான்னு."

"பாப்பாகிட்ட என்ன சொன்னீங்க?"

"அது சும்மா சொன்னதும்மா. அழாம இருக்கட்டும்னு சொன்னது."

நான் சண்டை போடவில்லை. தட்டுகளைக் கழுவி வைத்தேன். ஒரு குழந்தைக்குக் கொடுத்த வார்த்தையைத் தேசம் முழுக்கப் பார்க்கும்படி பொய்யாக்குவது சரியா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

படப்பிடிப்பன்று துணியை வழக்கத்தைவிடக் கெட்டியான கஞ்சியில் ஊறவைத்தேன். மார்புக்கு வந்ததும் "இழுங்க" என்று சொல்லவில்லை. "ஒண்ணு தெரியுமா? நேத்து ஓநாயா நடிக்கறவர் மேக்கப்பைக் கலைக்காம வீட்டுக்குப் போயிட்டாராம். அவர் வளக்கற நாயே உள்ள விடலையாம்" என்றேன்.

"நாய்க்காவது புத்தியிருக்கே" என்று சிரித்தார். பாப்பா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. சிரிப்பு முடிந்து மூச்சு முழுக்க வெளியேறிய நொடியில் துணியை இழுத்துச் சுற்றினேன்.

"கொஞ்சம் இறுக்கமா இருக்கேம்மா."

"காஞ்சா சரியாயிடும்" என்றேன். பிறகு வாயையும் மூடினேன்.

அவரைச் சவப்பெட்டிக்குள் படுக்கவைத்து விளக்குகளைப் போட்டார்கள். திருடர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவர் கையைத் தூக்கினார். விரல்கள் மூடித் திறந்தன. மறுபடி, மறுபடி. "அண்ணன் இன்னிக்குப் பின்றாரு!" என்றார் இயக்குநர் மெதுவாக. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கை இறங்கிய பிறகும் யாரும் 'கட்' சொல்லவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது.

டாக்டர் இதயம் என்றார், சூடு என்றார். என்னைத் தாங்கிப் பிடித்து உட்காரவைத்தார்கள். துணியை நான்தான் வெட்டி எடுத்தேன். வேறு யாருக்கும் அது தெரியாதே.

கொன்றாள் என்று எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. எனக்கு மறுப்பில்லை. என்னைப் பொறுத்தவரை, அவர் வாக்குத் தவறாமல் பார்த்துக்கொண்டேன்.

தொடர் நிற்கவில்லை. துணிக்குள் புது ஆள் வந்தார். அவருக்கும் நானே சுற்றினேன், ஒவ்வொரு முறையும் "இழுங்க" என்று சொல்லித்தான். பேன்டேஜ் மாமா மறுபடி எழுந்து நடந்தார். அவர் பாப்பாவிடம் சொன்னது பொய்யாகவில்லையே.

ஆனால் தொடரை முடிக்கிறார்களாம். நாளை கடைசிக் காட்சி. என் கணவரின் ஆசை என்பதால், அவர் நினைவாக, முகத்துணியை அவிழ்த்துக் காட்டப் போகிறார்களாம். கெஞ்சிப் பார்த்தேன். துக்கத்தில் பேசுகிறேன் என்று தோளைத் தட்டி அனுப்பினார்கள். அதனால்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள். பாப்பா இன்னும் படுத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

அது முடியாதென்றால், அந்தப் புது ஆளிடமாவது சொல்லிவையுங்கள், நாளை நான் சுற்றும்போது சிரிக்க வேண்டாம் என்று. அவரும் சட்டென்று சிரித்துவிடுகிறவர்.