ஆமை நெத்தியில ஒரு ஓட்டை

...ஓசின்னா ஓசி மாதிரிதாங்க இருக்கும், வேறென்ன? லைப்ரரி வாசல்ல இத்தாம் பெருசா போர்டு. 'குழந்தைகளுக்கான கோடைப் பயிற்சி, ஓவியமும் தொழில்நுட்பமும், முற்றிலும் இலவசம்'. தொழில்நுட்பமாம்! உள்ள எட்டிப் பாத்தா அட்டைப்பெட்டி, பாட்டில் மூடி, ஐஸ் குச்சி. எங்க வீட்டுக் குப்பைக்கூடைய அனுப்பி வச்சிருந்தா அதுவே வகுப்பு எடுத்திருக்கும்.

கொஞ்சம் தள்ளி உக்காருங்க, அந்தப் பக்கம் பெஞ்சு ஆடுது. லைப்ரரில எதுதான் ஆடல? ஃபேன் ஆடுது, அலமாரி ஆடுது, அந்த லைப்ரரியன் தலையும் எதக் கேட்டாலும் ஆடுது. இன்னிக்கு அவர ஒரு வழி பண்ணாம நான் நகர மாட்டேன். ஆமா, புகார் சொல்லத்தான் உக்காந்திருக்கேன். எம் பொண்ணு வகுப்புல செஞ்ச ஆமை பொம்மை நடக்கலிங்க!

மத்த பிள்ளைங்களோட பூனை, முயல், ஒட்டகம் எல்லாம் நடக்குது. என் பொண்ணோடது மட்டும் கல்லு மாதிரி உக்காந்திருக்கு. எப்பிடி? செத்த பேட்டரியா பாத்து இவ தலையில கட்டியிருப்பாங்க. வாயில்லாப் பூச்சிதானே, கேக்கவா போவுதுன்னு.

வாயில்லாப் பூச்சின்னு சும்மா சொல்லலிங்க. ஸ்கூல்ல பேர் கேட்டாக்கூட தலையக் குனிஞ்சுக்கும். 'ஊமைக்கோட்டான்'னே கூப்பிடுதுங்க. அப்பிடிப்பட்டவ இன்னிக்கு எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு நின்னு, 'இது என் ஆமை, இது இப்பிடி நடக்கும்'னு பேசணும். பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டு பேசிப் பேசிப் பாக்குது. நான் வெளிய நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். தண்ணி வீணாப் போனா போவட்டும், என் பொண்ணு பேசுதேன்னு... அத விடுங்க.

அந்த டீச்சர் பொண்ணப் பாத்தீங்களா? முட்டியில கிழிஞ்ச பேண்ட்டு. முடியில நீலப் பெயிண்ட்டு, மொத நாள்லேருந்து அதே எடத்துல இருக்கு. பாடம் என்ன தெரியுமா? 'தப்பு பண்ணுங்க, தைரியமா பண்ணுங்க.' தப்பு பண்ணச் சொல்லிக் குடுக்க ஒரு டீச்சரா? எங்க வீட்டுக்காரரே அதெல்லாம் ட்யூஷன் இல்லாமப் பண்றாரு.

இதுல ரகசியம் வேற! என்ன செய்றோம், எப்பிடி ஓடுதுன்னு கடைசி நாள் வரைக்கும் வீட்டுல மூச்சு விடக் கூடாதாம். பெரிய ராக்கெட்டு விடறாங்க பாருங்க. நேத்துதான், பெயிண்ட்டு காயணும்னு பொம்மைய வீட்டுக்குக் குடுத்து விட்டாங்க. கொண்டாந்து ஜன்னலோரம் வச்சுட்டு, 'அம்மா, தொடாதம்மா, காயட்டும்'னுச்சு. அவ விளையாடப் போனதும் கிட்டப் போய்ப் பாக்கறேன்... ஐயோ, கண்றாவி! ஓட்டுல கட்டம் ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. வாலு ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நிக்குது. நெத்தியில வேற பட்டாணி சைசுக்கு ஒரு ஓட்டை. எலி கடிச்ச மாதிரி.

என்ன அப்பிடிப் பாக்கறீங்க? நானென்ன ஒண்ணும் தெரியாதவளா? பஸ் ஸ்டாப் பக்கத்துல கேக் கடை இருக்குல்ல, அது என்னோடதுதாங்க. கல்யாணத்துக்கு அடுக்கு கேக்கு செஞ்சு குடுத்தா வெட்ட மனசு வராம நிப்பாங்க. என் வீட்டுலேருந்து இப்பிடி ஒரு ஆமை போனா என் மானம் என்னாவுறது? கட்டத்தையெல்லாம் நேர் பண்ணேன். வால நிமித்தினேன். ஓட்டையில பஞ்ச அடைச்சு, மேல ஒரு காகித ரோஜா செஞ்சு பசை போட்டு ஒட்டினேன் பாருங்க... அடடா, ஆமைக்கே கல்யாணக் களை! அவ திரும்பி வர்றதுக்குள்ள கேக் டப்பாவுல வச்சு, ரிப்பன் கட்டி, காலையில அங்க போய்த்தான் பிரிக்கணும்னு குடுத்து விட்டேன்.

இப்பத்தான், நீங்க வர்றதுக்குச் சித்த முன்னாடி, டப்பாவத் தூக்கிக்கிட்டு வெளிய வந்தா. 'அம்மா, ஆமை நடக்கலம்மா. நீ இதத் தொட்டியாம்மா?'ன்னா. 'நானா? எனக்கு வேற வேலையில்ல? டப்பாவுல வச்சதோட சரி'ன்னுட்டேன்.

பொய்தான். அதுக்கென்ன இப்போ? தொட்டேன்னு சொன்னா பெரும எனக்கு வந்துடும்ல. எல்லாம் அவ செஞ்சதாவே இருக்கட்டும், நாலு பேரு அவளப் பாராட்டட்டும்னுதான். அதப் புரிஞ்சுக்காம என்னை ஒரு பார்வை பாத்துட்டு, டப்பாவத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டா. கொழுப்பு! எல்லாம் இந்த ஓசி வகுப்பு பண்ற வேலை.

அது சரி, உங்க மடியில என்ன, யானையா? உங்க பையன் செஞ்சதா? காட்டிட்டு உங்க கையில குடுத்துட்டானா? நல்லாத்தான் இருக்கு, தும்பிக்கைதான் குழாய் மாதிரி... அட, இதுக்கும் நெத்தியில ஓட்டை! எல்லாத்துக்கும் ஒரே எடத்துலயா எலி கடிச்சுச்சு? குடுங்க, பையில பசை இருக்கு, ஒரு நிமிஷத்துல...

ஏன் பிடுங்கறீங்க? எதுக்கு ஜன்னல் கிட்ட கொண்டு போறீங்க?

...நடக்குது. ம், வெயில்ல வச்சா நடக்குது. சரி. வெரல வச்சு ஓட்டைய மூடுறீங்க... நின்னுடுச்சு. எடுத்தா... நடக்குது.

வெளிச்சம் அது வழியா உள்ள போனாத்தான் நடக்குமா?

எலி கடிக்கலியா அப்போ.

யாருங்க அதச் சொன்னாங்க எங்கிட்ட? அதானே! 'ஓட்டைய அடைக்காதீங்க'ன்னு ஒரு வார்த்த... அதுவும் ரகசியமாம், ரகசியம்! ஓட்டைய ஓட்டை மாதிரியேவா வைப்பாங்க? சுத்தி ஒரு பூ கீ வரைஞ்சிருந்தா நான் ஏன் அடைக்கப் போறேன்?

ஏங்க... உங்ககிட்ட ஊக்கு இருக்கா? குடுங்களேன். நைசா உள்ள போய், யாருக்கும் தெரியாம ரோஜாவ ஒரு நெம்பு நெம்பிட்டு வந்துடறேன். அவளுக்குத் தெரிய வேணாம். யாருக்கும்...

இருங்க. உஷ்! கதவு கொஞ்சம் தொறந்துதான் இருக்கு. அவ முறை வந்துடுச்சு. டீச்சர் பொண்ணு கேக்குது... 'ஏம்மா, நெத்தி ஓட்டைய அடைச்சது யாரு?' சத்தமாக் கேக்குது பாருங்க, எல்லார் முன்னாடியும்!

ஐயோ, தலையக் குனிஞ்சுக்கிட்டா. பேச மாட்டா. எனக்குத் தெரியும், பேச மாட்டா...

பேசுறா. பேசுறாங்க! என்னங்க சொல்றா? எனக்குக் காது அடைச்சுக்கிச்சு, நீங்க சொல்லுங்க...

'நான்தான் மிஸ். அழகா இருக்கட்டும்னு அடைச்சேன்'ங்கறாளா?

அவளுக்குத் தெரியும்ங்க. ரோஜாவப் பாத்ததுமே தெரிஞ்சிருக்கும், என் கை அவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் வந்து கேட்டிருக்கா. நான்தான் நெஞ்சறிஞ்சு இல்லன்னேன். சபையில வாயே தொறக்காத பொண்ணு, மொத மொதல்ல நாலு பேரு முன்னாடி வாயத் தொறந்து... என் பொய்யத் தன் தலையில போட்டுக்கிட்டு நிக்குது.

சிரிக்குதுங்க பாருங்க பிள்ளைங்க.

வேணாம், ஊக்கு வேணாம், நீங்களே வச்சுக்கங்க. இந்தப் பையக் கொஞ்சம் பாத்துக்கங்க. லைப்ரரியன் வந்தா... ஒண்ணும் சொல்ல வேணாம், போகச் சொல்லுங்க அவர. தள்ளுங்க, கால மடக்கிக்கங்க, நான் உள்ள போறேன்...

மிஸ்ஸு! ஒரு நிமிஷம், மிஸ்ஸு! அவ இல்லிங்க. நான்தான்!