எண்பத்தேழாம் வரிசை

நான் ஒருநாளும் வேலைக்குத் தாமதமாக வந்தவன் இல்லை, ஐயா. விசாரணைக்கு வந்திருக்கிறீர்கள், வேண்டுமானால் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். அதற்கு முன்னால் பேனா மூடியைக் கழற்றிவிடுங்கள். இவ்வளவு நேரம் மூடியோடுதான் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

எங்கள் விஞ்ஞானி அம்மா நோய் தாங்கும் சோயாவையும் நன்றாகக் காய்க்கும் சோயாவையும் இனக்கலப்பு செய்து, பிறந்த வாரிசுகளை இருநூற்று நாற்பது வரிசையாக நட்டார். அத்தனையின் மேலும் துருநோய்க் கிருமி கலந்த தண்ணீரைத் தெளிப்பது என் வேலை. மூன்று வாரம் கழித்து இலையைத் திருப்பிப் பார்த்து மதிப்பெண் போடுவதும் நான்தான். ஒன்று என்றால் சுத்தம். எட்டு, ஒன்பது என்றால் பிடுங்கி எரித்துவிடுவார்கள். நோயையும் கொடுத்துவிட்டு நோயாளியையும் குறை சொல்கிற பிழைப்பு.

எண்பத்தேழாம் வரிசை கொத்துக் கொத்தாகக் காய்த்தது. என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. இலைக்கு அடியில் மட்டும் துரு அப்பிக் கிடந்தது. எட்டு போட மனசு வரவில்லை, இரண்டு போட்டேன்.

மறுவருடம் அம்மா நேரில் பார்க்க வருவதாகச் சொன்னார். அதனால் கிருமி தெளிப்பதற்கு முதல் நாளே அந்த வரிசைக்கு மட்டும் ரகசியமாக மருந்து அடித்துவைத்தேன். ஐந்து வருடம் இப்படியே போனது. "பாத்தியா, எப்படி நிக்குதுன்னு!" என்று அம்மா பூரித்துப்போனார். யாரால் நிற்கிறது என்று நான் சொல்லிக்காட்டவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

புது ரகமென்று அதை வெளியிட்டதும் தங்கை வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

"மச்சான், நிலம் பூரா இதையே போட்டுடவா? பொண்ணு மேல்படிப்பே இந்த வெள்ளாமைய நம்பித்தான் இருக்கு. மருந்து அடிக்கணுமா?"

"கண்ண மூடிக்கிட்டு போடுங்க மாப்பிள்ளை. மருந்தே வேணாம்."

காய் முற்றுவதற்குள் துரு ஏறி இலை கொட்டி வயல் மொட்டையாகிவிட்டது. தங்கை மகள் இப்போது துணிக்கடையில் மடித்துவைக்கிற வேலைக்குப் போகிறாள். கெட்டிக்காரி, எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்வாள்.

போன வாரம் தங்கை வந்தாள். "அண்ணே, தெரிஞ்சேதான் சொன்னியா?"

"தெரிஞ்சுதாம்மா. போடாதீங்கன்னு நானே சொன்னா அந்த ரகத்த அப்புறம் எவன் மதிப்பான்?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஆமாம் ஐயா, எல்லாம் தெரிந்தேதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். தங்கை கோபம் நாலு நாளில் தணிந்துவிடும். ஆனால் எவ்வளவு நம்பி அந்தப் பயிரை மாப்பிள்ளை கையில் கொடுத்தேன்! மனுஷர் அதைச் சாகவிட்டுவிட்டார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.