சுருட்டி வைத்த வயர்

ஓடுகிறேன். காலில் செருப்பில்லை. பின்னால், வீட்டுக்குள், ஒட்சிசன் மெசினின் எச்சரிக்கை ஒலி. நீளமாக. விடாமல். அதுவரை நான் கிணற்றடியில் நின்றிருந்தேன். மெசின் எப்போது கூவத் தொடங்கியதோ தெரியாது. என் கணவரின் உதடு நீலம்.

“யோகன் அண்ணை! கரண்ட் நிண்டுபோச்சு! இவருக்கு மூச்செடுக்க ஏலாமல் கிடக்கு!”

பக்கத்து வீட்டில் காற்றாடி சுழல்கிறது. அப்போதுதான் கண்டேன். வேலிக்கு மேலால் எங்கள் வீட்டுக்கு வந்த வயர், சுருட்டியபடி அவருடைய விறாந்தையில் கிடந்தது.

இது கரம்பொன், யாழ்ப்பாணத்துத் தீவுக் கிராமம். போர் முடிந்து வெகுகாலம். என் கணவர் சூசை கடற்தொழிலாளி. நுரையீரல் பழுதாகிக் கட்டிலோடு கிடந்தார். கோயில் சனம் சேர்ந்து ஒட்சிசன் மெசின் வாங்கித் தந்தது. மின்கட்டணம் ஏறியது. மறுபடியும் ஏறியது. குளிர்சாதனப் பெட்டியை விற்றேன். விளக்குகளை அணைத்தேன். விறகில் சமைத்தேன். புகை அவருக்கு ஆகாது. அடுப்பை வளவின் மூலைக்குக் கொண்டுபோனேன். அப்படியும் கட்ட முடியவில்லை. வந்து இணைப்பை வெட்டினார்கள்.

அன்றைக்கே யோகன் அண்ணை வயர் இழுத்துத் தந்தார். “சூசை எனக்குச் செய்ததுக்கு இது பெரிசே?” என்றார்.

சூசை செய்தது இது. போர்க்காலத்தில் ஷெல் விழுந்த நாள். நாங்கள் பங்கர்க் குழிக்குள். யோகன் அண்ணை வெளியே, தொடை கிழிந்து கிடந்தார். சூசை எழுந்து ஓடினார். “படுங்கோ! படுங்கோ!” என்று கத்தினோம். அவர் படுக்கவில்லை. யோகன் அண்ணையைத் தோளில் தூக்கிக் கரைக்கு ஓடினார். வள்ளத்தில் ஏற்றி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

இப்போது யோகன் அண்ணை வாசலில் நிற்கிறார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“லைன் குடுத்தால் என்ரையையும் வெட்டுவினமாம், பிள்ளை. பிரான்சிலை இருந்து மகன் ஏசுறான்.”

“ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அண்ணை! ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போயிருப்பனே!”

வயரை நானே இழுத்தேன். வேலியில் சிக்கியது. இழுத்து விடுவித்துக் கொண்டுபோய் மெசினில் செருகினேன். மெசின் மறுபடி ஓடியது. சூசையின் நெஞ்சு அசையவில்லை.

செத்தவீட்டுப் பந்தலுக்கு யோகன் அண்ணை வீட்டிலிருந்து வெளிச்சம் வந்தது. யாரும் கேட்கவில்லை. அவராகவே தந்தார்.

போரில் எங்களுக்குப் போனவை: வள்ளம், வலைகள், வீட்டுக் கூரை. உயிர் ஒன்றும் போகவில்லை.

இந்த முறை போனவர்கள் இரண்டு பேர். சூசை சேமக்காலையில், மண்ணுக்குள் இருக்கிறார். மற்றவர் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார்.