எஸ்போசித்தோ வீட்டுப் பேர்

— அம்மா, அப்பா கையெழுத்துப் போட்டு மூணு நாளாச்சு. நீ இன்னும் பேனாவைத் தொடல.

— போடுவோம் தாயி, எங்க ஓடிப்போகுது. இந்தக் கட்டு முடியட்டும். நாலு மணிக்குப் பட்டாசுக் கம்பெனி வண்டி வந்துரும், சுத்தின வெடிக்குளாய் எடுக்க. சீசன் நேரம்.

— நாலு மணிக்குத்தான் நானும் பங்குச் சாமியாரைப் பாக்கணும். பெத்தவங்க ரெண்டு பேரும் சம்மதம் எழுதிக் கொடுத்தாத்தான் ஞாயித்துக்கிழமை பூசையில கல்யாண ஓலை வாசிப்பேன்னுட்டாரு. ஒரு வாரம் தள்ளிப்போனா, மூணு வாரமும் ஓலை வாசிச்சு முடியிறதுக்குள்ள என் லீவு முடிஞ்சிரும். ஜென்னாரோ டிக்கெட் போட்டாச்சு. அவரு இங்க வந்து யாரைக் கட்டுறது, செல்லத்தாய் அத்தையவா?

— ஓலையில என்னன்னு வாசிப்பாரு?

— எல்லாருக்கும் வாசிக்கிறதுதான். பால்துரை, பொன்னுத்தங்கம் மகள் ஞானஜோதிக்கும், இத்தாலி நாடு நேப்பிள்ஸ் நகரம், சால்வத்தோரே எஸ்போசித்தோ மகன் ஜென்னாரோ எஸ்போசித்தோவுக்கும்னு.

— அந்தப் பேரைச் சத்தமா வாசிப்பாரா? அம்புட்டுச் சனம் முன்னாடி?

— பேரை முழுங்கிட்டு எப்படிம்மா ஓலை வாசிக்கிறது? முந்தாநாள் வரைக்கும் நல்லாத்தான இருந்த. அவங்க வீட்டுப் பேருக்கு என்ன அர்த்தம்னு கேட்ட, சொன்னேன். அதுலருந்து சோறும் சரியாத் திங்கல.

— கேட்டிருக்கக் கூடாதுதான். வெளிய விட்ட பிள்ளைன்னு ஒரு குடும்பத்துக்கே பேரு இருக்கும்னு நான் கண்டேனா?

— இங்க எவனுக்கு இத்தாலி பாஷை தெரியும்? அங்கயும் அது ஒண்ணும் அதிசயம் இல்ல. நான் நர்ஸ் வேலை பாக்குற ஆஸ்பத்திரியில மட்டும் பதினோரு எஸ்போசித்தோ. ஒருத்தர் இருதய டாக்டர், ஒருத்தர் கேன்டீன்ல காபி போடுறவரு.

— அம்புட்டுப் பேரையுமா விட்டுட்டுப் போயிருக்காக?

— அவங்களை இல்லம்மா. அவங்க பூட்டன், பூட்டனுக்குப் பூட்டன். அந்த ஊர்ல மாதா கோயிலை ஒட்டி ஒரு அநாதை விடுதி இருந்துச்சு. தெருவைப் பாத்த சுவத்துல ஒரு ஓட்டை. அதுக்குள்ள பீப்பாய் மாதிரி ஒரு மரப்பெட்டி. பிள்ளையை அதுல வச்சுச் சுத்திவிட்டா, பெட்டி திரும்பி உள்பக்கம் போயிரும். உள்ள இருக்கிறவங்க எடுத்துக்குவாங்க. வச்சவ முகத்தை அவங்க பாக்க முடியாது.

— அவளும் பாக்க முடியாதுல்ல. எந்தக் கை வாங்குச்சுன்னு.

— முடியாதுதான்.

— ம். மேல சொல்லு.

— அப்பன் பேர் தெரியாததால எல்லாப் பிள்ளைக்கும் அந்த ஒரே பேர். இருநூறு வருசத்துக்கு முன்னால அங்க இருந்த ராஜா, இந்தப் பேரால பிள்ளைக காலம்பூரா தலைகுனிஞ்சு நிக்குதுன்னு, இனிமே யாருக்கும் வைக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டாரு. ஆனா அதுக்கு முன்னாடி வாங்கினவங்களுக்கு அப்படியே நின்னுபோச்சு. பிள்ளை, பேரன்னு எறங்கி வந்திருச்சு.

— பேரை நிறுத்தினதும் பிள்ளையை விடுறது நின்னுச்சா?

— இல்ல. அந்தப் பெட்டி இன்னும் அறுபது வருசம் சுத்துச்சு.

— ஒனக்குப் பொறக்கப்போற பிள்ளைக்கும் அந்தப் பேருதான?

— ஆமா. எனக்கு மாறாது. அங்க கல்யாணம் ஆனாலும் பொண்ணு பேர் மாறாது. பாஸ்போர்ட்டுல அப்பா பேர் குடும்பப் பேராப் பதிஞ்சுபோச்சுல்ல, வார்டு பூரா என்னைத்தான் 'பால்துரை, பால்துரை'ன்னு கூப்பிடுறாங்க.

— ஒங்கப்பாகிட்டச் சொல்லிராத. மீசைக்கு மை வாங்கக் கெளம்பிருவாரு.

— சொல்லி வருசமாச்சு. டீக்கடையில எல்லாருக்கும் தெரியும்.

— இந்த அர்த்தத்தையும் சொல்லிட்டியா?

— இன்னும் இல்ல. அப்பா சாத்தூர்லருந்து என் போட்டோவை வாங்கிட்டு வரட்டும், சொல்லிரலாம்னு இருக்கேன்.

— வேண்டாம்.

— ஏன்?

— வேண்டாம்னா வேண்டாம், தாயி. விட்ட பிள்ளை, எடுத்த பிள்ளைங்கிற பேச்சே அவரு காதுல விளக் கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணிக் கொடு.

— அப்ப இதுதான் விசயம். பூர்வீகம் தெரியாத குடும்பம், என்ன சாதின்னு தெரியாத ரத்தம். அப்பா மேல ஏன் பழியப் போடுற? ஒனக்குத்தான் பிடிக்கல. நேராச் சொல்லும்மா.

— நான் ரத்தத்தைச் சொன்னேனா?

— வேற எதைச் சொல்ற?

— அந்தப் பிள்ளைக கணக்கையெல்லாம் எளுதி வச்சிருப்பாகளா அங்கன?

— நோட்டு நோட்டா இருக்கு. ஜென்னாரோ அப்பா போய்ப் பாத்துட்டு வந்தாரு. அவங்க மூத்த பாட்டன் வந்த நாள், மணி, சுத்தியிருந்த துணி எல்லாம் எழுதியிருக்காம். ரெண்டு நாள் பிள்ளை. நீலத்துணி. கழுத்துல பாதியா வெட்டின மாதா பதக்கம். மறுபாதியைப் பெத்தவ வச்சுக்குவாளாம், திரும்பி வந்தா அடையாளம் காட்ட.

— வந்தாகளா?

— சில பேர் வந்திருக்காங்க. இவங்க பாட்டனுக்கு யாரும் வரல.

— ஒண்ணுமே வைக்காம விட்டவ வந்தா?

— எதைக் காட்டி எந்தப் பிள்ளையைக் கேப்பா? ஏம்மா, குழாயைக் கோணலாச் சுத்திக்கிட்டு இருக்க. கீழ வை அதை.

— எல்லாம் பொளைச்சுச்சா?

— பாதிக்கு மேல செத்துப்போச்சுன்னு சொல்றாங்க. அந்தக் காலத்துல பால் ஏது, மருந்து ஏது.

— பொளைச்சதுக பெத்தவளை வைதிருக்கும்.

— நான் ஜென்னாரோ அப்பாகிட்டயே கேட்டேன். எதுக்கு வையணும்னாரு. குப்பையில போடல, ஆத்துல போடல, வாங்குறதுக்குக் கை இருக்கிற எடமாப் பாத்து வச்சா, அதனாலதான் நாங்க இருக்கோம்னாரு. வருசா வருசம் அவளுக்குன்னு ஒரு பூசை கொடுக்குறாங்க. பேர் தெரியாததால, 'எங்கள் தாய்'னு மட்டும் வாசிக்கச் சொல்லி.

— பூசையா? அவளுக்கா?

— அவளுக்குத்தான். அம்மா, மணி மூணரை. கையெழுத்துப் போடுவியா, மாட்டியா? மாட்டேன்னா அதையாச்சும் சொல்லு. நான் ஜென்னாரோவை வர வேண்டாம்னு சொல்லணும்.

— பேனாவைக் கொடு.

— இந்தா. இங்கன, அப்பா பேருக்குக் கீழ.

— போட்டாச்சு. சரியா விளுந்திருக்கா பாரு.

— போதும். இதை மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல. நான் கெளம்புறேன், சாமியார் வெளிய போயிருவாரு.

— செத்த ஒக்காரு. நீ பொறக்கிறதுக்கு ரெண்டு வருசம் முந்தி ஒங்கப்பா தீக்காயத்தோட மதுரை ஆஸ்பத்திரியில கெடந்தாரு.

— தெரியுமே. கம்பெனி வெடிச்சப்ப. அஞ்சு மாசம்னு சொல்லுவாரு.

— நான் அப்ப நெறமாசம். அவரு பொளைப்பாருன்னு ஒரு டாக்டரும் சொல்லல, ஒத்தையில பிள்ளையை வளக்க எனக்கு வளியும் இல்ல. பிள்ளை செத்துப் பொறந்துச்சுன்னு அவருகிட்டச் சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் அவருக்கு அதுதான் தெரியும்.

— அம்மா...

— ஒரு கன்னியாஸ்திரி மடத்து வாசல் தொட்டில்ல வச்சிட்டு வந்தேன், தாயி. ஒனக்கு அக்கா. அவளுக்கு என்ன பேரு வச்சிருப்பாக?