புருவத்துப் பிறை

என் கடையில் காபிக்குக் காசு வாங்குவதில்லை. இந்த விசாரணையில் என்னைப் பற்றி யார் யாரோ என்னென்னவோ சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். இதை மட்டும் யாரும் மறுக்க முடியாது. இந்தப் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் வருகிறவரை உட்கார வைத்து, சூடாகக் காபி கொடுத்து, பொறுமையாக ஆலோசனை சொல்லும் துப்பாக்கிக் கடைக்காரன் லைல் ஹாகன் ஒருவன்தான். உங்களுக்கும் கொடுத்திருக்கிறேன், ஹாரியட். அப்போது நீங்கள் வேட்டைச் சங்கத் தலைவராகவே இல்லை. உங்கள் புருவத்துக் காயம் நன்றாக ஆறிவிட்டது. பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது.

சங்கத்தின் விதி உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆகஸ்டில் நடக்கும் இலக்குப் போட்டியில் யார் ஜெயிக்கிறாரோ, அவருக்கு மட்டும் வேட்டைக்காலத்தின் முதல் நாள் காலையில் ப்ரைஸ் கிழவர் தன் பண்ணையின் கதவைத் திறந்துவிடுவார். மலையிலிருக்கும் எல்க் மான்களெல்லாம் அவருடைய குதிரைமசால் வயலில்தான் மேயும். போட்டியில் எந்த ரைஃபிளால் எந்தத் தோட்டாவைச் சுடுகிறோமோ அதையேதான் வேட்டைக்கும் கொண்டுபோக வேண்டும். ஆகவே இரண்டுக்கும் பொருந்துகிற தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது இந்த ஊரில் பெண் பார்ப்பதைவிடப் பெரிய காரியம். அதற்கு எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள்.

எது பொருந்தும் என்று எனக்குத் தெரியும். சுடும்போது தோளில் மெதுவாக உதைக்கிற தோட்டா. உதைக்குப் பயப்படாதவன் நிதானமாக விசையை அழுத்துவான், குண்டு நினைத்த இடத்துக்குப் போகும். நெஞ்சில் சரியான இடத்தில் பட்டால் எல்க் விழுந்துவிடும், குண்டு எவ்வளவு பருமன் என்று அது கேட்பதில்லை. அதனால்தான் நான் என்றைக்கும் இருநூற்றெழுபது என்கிற சின்ன ரகத்தைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. வருடா வருடம் ப்ரைஸின் கதவு எனக்குத்தான் திறந்தது.

ஆனால் யாரும் என்னிடம் எது பொருந்தும் என்று கேட்கவில்லையே. மெக்கானிக் ரஸ் வந்த அன்று நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்பு சொல்லுங்கள். அவன் இருநூற்றெழுபதைத்தான் கையில் எடுத்தான்.

"இது போதுமாண்ணே?" என்றான்.

"தாராளமா போதும். நல்ல தோட்டா," என்றேன். காபியை ஊற்றினேன். "கரடி வந்தாத்தான் கொஞ்சம் யோசிக்கணும்."

"கரடி எதுக்கு வருது?"

"வராதுப்பா. ஒருவேள வந்தா, அப்பிடின்னு சொன்னேன்."

அவன் இருநூற்றெழுபதைக் கீழே வைத்தான். முந்நூற்று முப்பத்தெட்டு மேக்னத்தை எடுத்தான். என் தோட்டாவைப்போல் இரண்டு பங்கு உதைக்கிற சாமான் அது.

"இது ரொம்ப உதைக்குமோ?"

"உன்ன மாதிரி ஆளுக்கு இதெல்லாம் ஒரு உதையா?" என்றேன்.

இதில் ஒரு பொய் உண்டா? தேடிப் பாருங்கள். கரடி வந்தால் யோசிக்கத்தான் வேண்டும்.

மேக்னத்தைச் சுட்டுவிட்டு வலிக்கிறது என்று சொல்லும் ஆணை நான் இந்தப் பள்ளத்தாக்கில் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் நிற்கும். "ஒண்ணுமே தெரியலயே" என்பார்கள். ஆனால் உடம்புக்கு மறதி கிடையாது. அடுத்த முறை விசையைத் தொடும்போதே கண் மூடிக்கொள்ளும், தோள் துள்ளும், குழல் தாழும், குண்டு புல்லில் போய் விழும். ரைஃபிள்மேல் மாட்டியிருக்கும் தொலைநோக்கியின் விளிம்பு பின்னால் வந்து புருவத்தில் இடித்துப் பிறைபோல் ஒரு வெட்டு போடும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாட்டுக்காக எல்லோரும் நிமிரும்போது என் வாடிக்கையாளர்கள் யார் யார் என்று எதிரே நிற்கும் பாடகர்களுக்குக்கூடத் தெரியும். பிரசங்க மேடையில் நிற்கும் பாதிரியார் டோபினுக்கும் ஒரு பிறை உண்டு. அவருக்கு நான் தள்ளுபடி கொடுத்தேன்.

இதுவரை எல்லோரும் சிரித்துக்கொண்டே கேட்பீர்கள். என் மனைவி வெர்னாவைப் பற்றிச் சொல்லும்போதுதான் முகம் மாறுகிறது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அவளையும் மற்ற வாடிக்கையாளர்களைப் போலத்தான் நடத்தினேன்.

வெர்னா பிறந்தது ப்ரைஸின் பண்ணையில். அப்போது அது அவள் அப்பாவுடையது. தீவன விளைச்சல் பொய்த்த ஒரு வருடம் அவர் அதை ப்ரைஸுக்கு விற்றார். நிலம் போன பிறகு அவர் மகளுக்கு விட்டுப்போனது ஒரு பழைய ரைஃபிள் மட்டும். இருநூற்றைம்பத்தேழு ரகம். பூனைக்குட்டிபோல் உதைக்கும். அதன் கட்டையில் ஒரு குதிரை கடித்த பல் தடம் இருக்கும். இந்த வசந்தத்தில் வெர்னா அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு பயிற்சிக்குப் போனாள்.

"ஒரே ஒரு தடவ அந்தக் கதவு வழியா உள்ள போகணும் லைல்," என்றாள். "எங்கப்பா நின்ன எடத்துல நின்னு ஒரு எல்க்க அடிக்கணும். அவ்வளவுதான்."

அவள் சுட்ட இலக்குக் காகிதத்தைப் பார்த்தேன். எல்லா ஓட்டைகளையும் ஒரு காபிக் கோப்பையால் மூடிவிடலாம். எனக்குக் கவலை வந்தது.

வெர்னாவிடம் கரடிக் கதை எடுபடாது. அவளுக்கு இளகிய மனம். ஆகவே சின்னத் தோட்டா பட்ட எல்க் சாகாமல் காட்டுக்குள் நொண்டிப் போய் எப்படிக் கிடக்கும் என்று சொன்னேன். மெதுவாக, விவரமாகச் சொன்னேன். அவள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள். அவள் பிறந்தநாளுக்கு முந்நூற்று முப்பத்தெட்டு வாங்கிக் கொடுத்தேன். அதில் தோளில் படும் முனையில் உதையைத் தாங்கும் ரப்பர் மெத்தையைக் கழற்றிவிட்டு வழுவழுப்பான கெட்டிப் பிளாஸ்டிக்கை வைத்தேன். அதுதான் பார்க்க அழகு.

முதல் குண்டிலேயே அவளுக்கும் பிறை விழுந்தது. இரண்டு வாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு சுட ஆரம்பித்தாள். "எனக்குக் கை போயிடுச்சு போல," என்று சொல்லிவிட்டு வாசலில் உட்கார்ந்து அழுதாள். நான் காபி போட்டுக் கொடுத்தேன்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆமாம், அவள் அப்பாவின் அந்த இருநூற்றைம்பத்தேழைப் பக்கத்து மாநிலம் ஐடஹோவிலிருந்து வந்த ஒருவருக்கு விற்றவன் நான்தான். பழுது பார்க்கக் கொடுத்திருப்பதாக வெர்னாவிடம் சொன்னேன். வீட்டில் இருந்தால் அவளுக்கு அப்பா ஞாபகம் வரும், மனம் வேதனைப்படும் என்று நினைத்தேன்.

ஒன்றை மட்டும் நான் மறந்துவிட்டேன். அந்தப் பழைய தோட்டா எல்லாக் கடையிலும் கிடைக்காது. ஐடஹோக்காரர் அதைத் தேடி ஒரு சனிக்கிழமை மறுபடி என் கடைக்கே வந்தார். கல்லாவில் வெர்னா இருந்தாள். கூடவே கொண்டுவந்திருந்த ரைஃபிளை மேஜைமேல் வைத்தார். கட்டையிலிருந்த குதிரைப் பல் தடம் அவளைப் பார்த்தது.

வெர்னா அவருக்குக் காபி கொடுத்திருக்கிறாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த என் இருநூற்றெழுபதை எடுத்து, மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாள். மனிதர் லாபம் என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அது எனக்குத் தெரியாது. என் ரைஃபிளைப் பெட்டியில் வைத்துவிட்டதாக அவள் சொன்னாள், நம்பினேன். கணவன் மனைவிக்குள் நம்பிக்கை வேண்டும் அல்லவா? போட்டியன்று எல்லோர் முன்னாலும் பெட்டியைத் திறந்தேன். உள்ளே நான் அவளுக்கு வாங்கிக் கொடுத்த முந்நூற்று முப்பத்தெட்டு இருந்தது.

"தோள் வலின்னு சொல்லிட்டு விலகிக்கோயேன்," என்றாள் வெர்னா.

விலகியிருப்பேன். ஆனால் ரஸ் முன்னால் வந்து நின்றான். "அண்ணே, உங்கள மாதிரி ஆளுக்கு இதெல்லாம் ஒரு உதையா?"

பிறை வைத்த அத்தனை முகங்களும் என்னையே பார்த்தன. நீங்களும் பார்த்தீர்கள், ஹாரியட். கோட்டில் படுத்தேன், சுட்டேன். என் புருவத்தில் இருக்கும் இந்தக் கட்டு அப்போது வந்ததுதான். "ஒண்ணுமே தெரியலயே," என்றேன். கண்ணில் தண்ணீர் நின்றது, வியர்வையாக இருக்கலாம்.

வெர்னா இரண்டாவது தோட்டாவை எடுத்துக் கையில் கொடுத்தாள். காது இரைந்துகொண்டிருந்தது, நான் அதைப் பார்க்காமலே உள்ளே தள்ளினேன். அது வெடிமருந்து இல்லாத தோட்டா. என் கடைப் பின்னறையில், நான் தோட்டா அடைக்கும் இயந்திரத்திலேயே அவள் செய்திருக்கிறாள். விசையை அழுத்தினேன். டிக் என்ற சத்தம்தான் வந்தது. தோட்டா வெடிக்காததால், என் உடம்பு செய்ததை மறைக்கப் புகையும் இல்லை, உதையும் இல்லை. என் தோள் துள்ளியது, கண் இறுக மூடியது, குழல் முனை வாத்து தண்ணீர் குடிப்பதுபோல் குனிந்து புல்லைத் தொட்டது.

பிறகு பாதிரியார் டோபின்தான் முதலில் சிரித்தார். ரஸ் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். "அடப்பாவி, எனக்கு மட்டுந்தான் இப்படின்னுல்ல நெனச்சேன்!" என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். அதற்கப்புறம் வெர்னா தன் அப்பாவின் துப்பாக்கியோடு படுத்தாள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சுட்டாள். ஓட்டைகளை மூட என் கோப்பையைத்தான் கேட்டு வாங்கினார்கள்.

வேட்டையின் முதல் நாள் காலையில் ப்ரைஸின் கதவுக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவள் அடித்த எல்க்கைச் சுமந்து வர வேண்டும் என்று சங்கம் எனக்குத் தண்டனை விதிக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். கூடவே என் காபிக் குடுவையையும் அவளே எடுத்துக்கொண்டு போவாளாம். ஏற்றுக்கொள்கிறேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டேன்: ஆலோசனை, பிளாஸ்டிக், விற்றது, பொய் சொன்னது. அந்த நிலம் அவளுக்கு என்னவென்று தெரிந்தே செய்தேன்.

ஒன்றை மட்டும் திருத்தி எழுதுங்கள், ஹாரியட். நான் பயத்தில் துள்ளினேன் என்று அறிக்கையில் இருக்கிறது. அது காற்று. கொடி அசையவே இல்லை என்று ரஸ் சாட்சி சொல்லியிருக்கிறானாம். அவன் சொல்வதை எப்படி நம்புவது? அவன்தான் விசையைத் தொட்டாலே கண்ணை மூடிக்கொள்கிற ஆள்.