எட்டாவது ஜெனரேஷன்

— மக்பூல் பாய், இன்னொரு தபா நல்லா பாரு. பழசு இது. புது விண்டோஸ்லாம் தாங்காது.

— இருங்க வேதகிரிண்ணே. திருமுக்கூடல்லேர்ந்து உத்திரமேரூர் வரைக்கும் பஸ்ல லேப்டாப்ப மடியில வெச்சி தூக்கிக்கினு வந்துட்டு, நான் ஆன் பண்றதுக்குள்ள நீங்களே முடிவு சொன்னா எப்டி?

— எம் பொண்ணு பிளஸ் ஒன் படிக்கச்சொல்ல வாங்கனது பாய். ஏழு வருசம் ஆவுது.

— வருசத்தயா கேக்குது? ப்ராசசர் எத்தினியாவது ஜெனரேஷன்னுதான் கேக்கும். எட்டு இருந்தா விண்டோஸ் பதினொன்னு ஓடும். அதுக்குக் கீழன்னா பேஜாரு.

— அப்ப கீழதான் இருக்கும்.

— எட்டு.

— எட்டா?

— எட்டேதான். உங்களுக்கு வித்தது யாரு, நான்தான?

— சரி பாய், அங்க செவப்பா இன்னாவோ வந்துகீதே. ஓடாதுன்னுதான போட்டுகீது?

— அது ஒன்னுமில்ல. பாதுகாப்பு செட்டிங் ஒன்னு ஆஃப்ல கீது. ஆன் பண்ணிட்டு திரும்ப செக் பண்ணா... ம், பாருங்க. பச்ச டிக்கு.

— அவ்ளோதானா?

— அவ்ளோதான். நல்ல சேதி சொல்றேன், இன்னாண்ணே மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு கீறீங்க?

— அனுப்ரியாக்கு வேல கெடச்சிகீது பாய். இந்த விண்டோஸ் இருந்தா வூட்லயே ஒக்காந்து செய்யலாமாம். இல்லன்னா சென்னை ஆபீசுக்கே வந்துடணுமாம்.

— அப்ப அல்லா கருணையால பொண்ணு உங்க கண்ணு முன்னாலயே இருக்கும்.

— எம் பொண்டாட்டி கோமளாவும் அதான் சொல்றா. மெட்ராசுக்கு அனுப்ப மாட்டேன், கம்ப்யூட்டர சரி பண்ணிக்கினு வான்னு ஒரே அழுவ. ரெண்டு நாளா வூட்ல ஒல கொதிக்கல.

— பெத்த மனசுண்ணே. நீங்களும் அதுக்குத்தான காலங்காத்தால ஓடியாந்தீங்க.

— நேத்து அனு கட்லுக்கு அடியில ஒரு பொட்டி பாத்தேன் பாய். புதுசு. தெறந்தா நாலு சுடிதாரு, வெலச் சீட்டுகூட கிழிக்கல. ஒரு வார்த்த சொல்லல எங்கிட்ட. மெட்ராசுக்குப் போறேன்னு கேட்டா வேணாம்பேன்னு நெனச்சிக்கிச்சி போல.

— அய்யோ. கோமளவல்லி அக்காக்குத் தெரியுமா?

— தெரியாது. பொட்டிய இருந்த மாறியே தள்ளி வெச்சிட்டேன். உங்கிட்ட கடை சீல் கீதா பாய்?

— கீது. எதுக்குண்ணே?

— இது ஓடவே ஓடாதுன்னு ஒரு பேப்பர்ல எழுதி, சீல் குத்திக் குடு. கோமளாகிட்ட காட்டணும்.